பரணில் கிடக்கும் பணம்: கேள்வி-பதில்

கடனை அடைக்க வீட்டையே துழாவிக்கொண்டிருப்பவர்களின் கடிதங்கள் இந்த முறை அதிகம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கிரெடிட் கார்டில் 1,80,000 ரூபாய் பாக்கி. மாதம் தவறாமல் 9,000 கட்டுகிறேன், குறையவே மாட்டேன் என்கிறது. பீரோவில் ஒற்றைத் தோடு, அறுந்த செயின், நசுங்கிய வளையல் என்று 14 கிராம் இருக்கிறது. அம்மா போட்ட நகை, விற்க மனம் வரவில்லை. - வாசகி, தஞ்சாவூர்

உங்கள் கார்டின் வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,80,000க்கு 6,300 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,134. ஆக, 7,434 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. 9,000 கட்டினால் அசலில் கழிவது 1,566தான். நடுவில் ஒரு தீபாவளித் துணி அந்தக் கார்டிலேயே எடுத்தால் அதுவும் போச்சு. முதலில் கார்டை எடுத்துப் பூட்டுங்கள்.

போட்டுக்கொள்ளும் நகையாக இருந்தால் வங்கியில் அடகு வைத்துக் கார்டை முடியுங்கள் என்பேன். நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் பாதிகூட வராது. ஒற்றைத் தோட்டை மீட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? வில்லுங்கள். இன்றைய விலையில் 14 கிராம் கடனில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அம்மா இருந்தால் அவரே கழற்றிக் கொடுத்திருப்பார்.

விற்பதில்தான் எனக்கு ஒரு பழைய ஆத்திரம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது சேதாரம் 12 சதவீதம், 15 சதவீதம் என்று நம்மிடம் வாங்குகிறார்கள். பட்டறையில் சிந்தும் துகளைக் கூட்டி அள்ளி உருக்கத்தானே போகிறார்கள்? நாம் விற்கப் போகும்போது அந்தச் சேதாரமும் செய்கூலியும் காணாமல் போய்விடும். அது போகட்டும், அழுக்குக்கு ஒரு கழிவு, பற்றவைத்த பொடிக்கு ஒரு கழிவு, உருக்கினால் ஒரு கழிவு! நம்மிடம் விற்றபோது அழுக்கே இல்லாத 916, அதாவது 91.6 சதவீதத் தங்கம், திரும்பிப் போகும்போது மட்டும் எப்படி 80 சதவீதம் ஆகிறது? பழையதைக் கொடுத்து வேறு நகை வாங்கினால் ஒரு விலை, பணமாகக் கேட்டால் அதைவிடக் குறைந்த விலை என்றும் சில கடைகளில் உண்டு.

அதனால், ஹால்மார்க் இல்லாத பழைய நகையை முதலில் ஹால்மார்க் மையத்துக்கு எடுத்துப் போங்கள். சிறு கட்டணத்தில் தரம் சோதித்துத் தருவார்கள். அந்தச் சீட்டோடு மூன்று கடை ஏறி இறங்குங்கள். தோட்டில் கல் இருந்தால் கழற்றி உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், எடையில் கழிப்பவர்கள் கல்லைத் தாங்களே வைத்துக்கொள்வதுண்டு. உருக்குவதாக இருந்தால் உங்கள் கண்ணெதிரே, முன்னும் பின்னும் எடை போட்டு. விற்கும்போதும் பில் கேட்டு வாங்குங்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வரட்டும், அன்றைக்கே கார்டுக்குப் போகட்டும்.

"பழைய பட்டுப் புடவை வாங்குறோம்" என்று ஆட்டோவில் மைக் வைத்து வந்தவரிடம் காலஞ்சென்ற மனைவியின் மூன்று புடவைகளை 1,500 ரூபாய்க்குக் கொடுத்தேன். ஜரிகையே பல மடங்கு போகும் என்று மகள் திட்டுகிறாள். கடன் நெருக்கடி, வேறு வழி தெரியவில்லை. - வாசகர், கும்பகோணம்

மகளிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள் ஐயா. தவறு உங்களுடையதல்ல. அவசரத்தில் இருப்பவர் வாசலைத் தேடித்தான் அந்த ஆட்டோ வருகிறது. அந்தக் காலத்து அசல் ஜரிகை, வெள்ளி இழைக்குத் தங்க முலாம் பூசியது. வாங்கிப் போனவர்கள் துணியை எரித்து வெள்ளியைப் பிரிப்பார்கள். வெள்ளி விலை உங்களுக்கே தெரியும்.

இன்னும் புடவை இருக்கிறதா? ஜரிகை ஓரத்தில் ஓர் இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம், வெள்ளை நூல் என்றால் பெரும்பாலும் போலி. அசல் என்று பட்டால் ஜரிகை வாங்கும் கடைக்கு நீங்களே கொண்டுபோய் விலை கேளுங்கள். வாசலில் வைத்து எதையும் விற்காதீர்கள், பழைய பேப்பர் உட்பட. தராசில் முத்திரை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்.

டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்குப் பல லட்சம் தருவதாகப் போன் வந்தது. பதிவுக் கட்டணம் 2,000 கட்டினேன். இப்போது வரி என்று 6,000 கேட்கிறார்கள். - மதுரை

கட்டாதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் கொடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி 2021லேயே எச்சரித்திருக்கிறது. உங்கள் நோட்டு இன்றும் செல்லும். ஐந்து ரூபாய்க்கு.

அரிசி டப்பாவில் 2,000 ரூபாய் நோட்டு நான்கும், பழைய 500 நோட்டு ஆறும் கிடைத்தன. - சேலம்

நான்கும் பணம், ஆறும் காகிதம். 2,000 நோட்டை 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்களே தவிர, செல்லாது என்று சொல்லவில்லை. சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுக்கலாம், அல்லது தபாலில் அனுப்பி உங்கள் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம். பழைய 500 பத்துக்கு மேல் இருந்தால்தான் குற்றம், ஆறோடு தப்பித்தீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபிரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் 4,000 தள்ளுபடி. மீதி 30,000க்கு வட்டியில்லாத இ.எம்.ஐ. மிச்சமாகும் 4,000த்தைக் கடனுக்குக் கட்டலாமா? - கோவை

எந்த 4,000? கையில் வராத பணத்தை எங்கே கட்டுவீர்கள்? 30,000 ரூபாய்க்குப் புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்கப் பார்க்கிறீர்கள். வட்டியில்லை என்பார்கள், பிராசஸிங் கட்டணம் இருக்கும், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி இருக்காது. ஓடும் ஃபிரிட்ஜ் ஓடட்டும்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் 2009க்குப் பிறகு வரவு செலவே இல்லாத பாஸ்புக். அப்பா இல்லை. பணம் கிடைக்குமா? - திருநெல்வேலி

கிடைக்கும். பத்து ஆண்டு அசையாத கணக்கின் பணத்தை வங்கி ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடும், ஆனால் உரிமை போகாது. ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' இணையதளத்தில் அப்பா பெயரைப் போட்டுத் தேடுங்கள். வேறு வங்கியிலும் ஏதாவது தட்டுப்படலாம். இறப்புச் சான்றிதழ், பாஸ்புக், உங்கள் அடையாள அட்டையோடு அந்தக் கிளைக்குப் போங்கள். நாமினி பெயர் இருந்தால் சுலபம், இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழ் வரை கேட்கக்கூடும். "கமிஷனுக்கு எடுத்துத் தருகிறேன்" என்று வருபவரை வாசலோடு அனுப்புங்கள்.

ரொட்டி மேக்கரை யாராவது வாங்குவார்களா? - வேலூர்

மாட்டார்கள். எங்கள் பரணில் ஒன்று இருக்கிறது, வேண்டுமா? கூடவே ஒரு ஜூஸரும் தருகிறேன்.

தனிக்குடித்தனம் போன மகன் திரும்பி வந்துவிட்டான். வீட்டில் இரண்டு கேஸ் இணைப்பு. - நாகர்கோவில்

ஒன்றை ஒப்படையுங்கள். சிலிண்டர், ரெகுலேட்டர், இணைப்பு எடுத்தபோது கொடுத்த வவுச்சர், மூன்றையும் ஏஜென்சிக்குக் கொண்டுபோனால் டெபாசிட் திரும்ப வரும். வவுச்சரில் போட்டிருக்கும் தொகைதான் வரும், இன்றைய டெபாசிட் தொகை அல்ல. போகும் முன் வவுச்சரை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.