ஒரு பல்புக்காக முதலமைச்சரைத் திட்டியவன்

அன்புள்ள ஐயா,

எனக்கு 29 வயது. சொந்த ஊர் கம்பம். ஏழு வருடமாகச் சென்னையில் வேலை, பள்ளிக்கரணையில் வாடகை வீடு. 2016, 2019, 2021, 2024 என்று நான்கு தேர்தலிலும் ஓட்டுப் போட்டேன். வேலைக்கு வந்த பிறகும் பஸ் பிடித்து ஊருக்குப் போய்ப் போட்டேன். ஒரே கட்சிக்கு இரண்டு முறை போட்டதில்லை. ஒவ்வொரு முறையும் ஆறே மாதத்தில் ஏமாற்றம். இங்கே மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர், எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. காசு வாங்கி ஓட்டுப் போடும் மக்கள் திருந்தாதவரை தலைவர்கள் திருந்த மாட்டார்கள் என்கிறான் நண்பன். அடுத்த முறை நோட்டாவை அழுத்தலாமா?

ச.

அன்புள்ள ச.,

ஓட்டுப் போட ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போகிற பிள்ளையை எனக்குப் பிடிக்காமல் போகுமா? பிடித்ததால்தான் கொஞ்சம் திட்டப் போகிறேன்.

நண்பர் சொன்னதை விடுங்கள். காசு வாங்கியவர்களும்தான் ஆட்சியை மாற்றியிருக்கிறார்கள். 1989 முதல் 2011 வரை ஆறு சட்டமன்றத் தேர்தல், ஆறிலும் மாற்றினோம். கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்கள் பட்டியலில் 2022 பிப்ரவரி 19 இல்லையே, ஏன்? நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். சனிக்கிழமைதான். அதற்குப் பஸ் ஏறத் தோன்றவில்லை, இல்லையா? உங்களை மட்டும் சொல்லி என்ன, சென்னையில் பாதி வாக்காளர்கள்கூட அன்று சாவடிப் பக்கம் போகவில்லை. அதோடு உங்கள் ஓட்டு இருப்பது கம்பத்தில், தண்ணீர் நிற்பது பள்ளிக்கரணையில். ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ள படிவம் 8 போதும், ஒரு டீ குடிக்கிற நேரம். ஏழு வருடத்தில் அந்த டீயைக் குடிக்கவில்லை நீங்கள்.

எங்கள் ஊர் சின்ன நகராட்சி. தெருக்கோடியில் ஒரு கவுன்சிலர் அம்மா இருந்தார். காலையில் அவர் வாசல் தெளிக்கும்போதே ஆள் வந்து நிற்கும். "மூணு நாளா குழாய்ல தண்ணி இல்ல, ஓட்டுக் கேக்க மட்டும் வரத் தெரியுதா?" என்று கத்துவார்கள். அவரும் பதிலுக்குக் கத்துவார். கத்தி முடித்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுப்பார். வீட்டுக்காரரை முன்னால் அனுப்புகிற பழக்கம் அவரிடம் இல்லை. "லைட் எரியலியா? போஸ்ட் நம்பர் என்ன? தெரியாதா? பாத்துட்டு வா, போ." பாதி வேலை நடக்கும், பாதி நடக்காது. அவர்மேல் யாருக்கும் திருப்தி இருந்ததாக நினைவில்லை. ஆனால் திட்டிவிட்டு வந்து நிம்மதியாகக் காபி குடிக்க முடிந்தது.

2016 அக்டோபரில் அவர் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வழக்கில் சிக்கியது, நகராட்சி அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது. 2018இல் எங்கள் தெருவிளக்கு அணைந்தபோது பழக்க தோஷத்தில் அந்த அம்மா வாசலில்தான் போய் நின்றேன். "நான் இப்ப யாரும் இல்ல தம்பி" என்றார். நகராட்சி அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டு சீல் குத்திய சீட்டு ஒன்று கொடுத்தார்கள். எட்டு மாதம் இருட்டு. அப்போது டீக்கடையில் நின்று நான் திட்டியது யாரைத் தெரியுமா? முதலமைச்சரை. ஒரு பல்புக்காக!

ஐந்தாண்டுக்கு ஒரு முறை நகராட்சித் தேர்தலை நடத்தியே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் சொல்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டுக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் இருந்தோம். ஒரு கடையடைப்பு உண்டா? அதற்கு முன்னால் சென்னை மாநகராட்சி 1973இலிருந்து 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் ஓடியது. அந்த 23 வருடத்தில் இரண்டு கட்சியும்தான் கோட்டையில் இருந்தன. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊராட்சிகளில் தலைவர்களின் காலம் முடிந்தது, திரும்பவும் தனி அலுவலர்கள். வார்டில் இன்னொருவர் வளர்வது எந்த எம்.எல்.ஏ.வுக்கும் பிடிக்காது. அதில் மட்டும் இவர்களுக்குள் சண்டையே கிடையாது.

கவுன்சிலர் என்றாலே கமிஷன்தானே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கட்டும். கமிஷன் வாங்குகிறவர் நாலு வீடு தள்ளி இருந்தால் காலையில் பிடித்துக் கேட்கலாம். உங்கள் சோழிங்கநல்லூர் தொகுதியில் 2021இலேயே ஆறு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். அத்தனை பேருக்கும் ஒரே எம்.எல்.ஏ. அவர் தங்கமானவராகவே இருக்கட்டும், எந்த வாசலில் போய் நின்று கத்துவீர்கள்?

அந்த அம்மா 2022இல் நிற்கவில்லை. முழங்கால் வலி. நோட்டு மட்டும் அலமாரியில் இருக்கிறதாம்.

முதலில் படிவம் 8ஐ நிரப்புங்கள். உங்கள் வார்டு எண்ணையும் தெருவிளக்குப் போஸ்ட் நம்பரையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். நோட்டாவைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

அன்புடன்.