கோத்தகிரி நெட்டில் மெய்நிகர் ரெஸ்ட்லிங் லீக் நடத்த முடியுமா?

கேள்வி: கோத்தகிரியில் நாங்கள் மூன்று பேர், கூடலூரில் ஒரு நண்பன். சின்ன வயதில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு வைத்து விளையாடியவர்கள். செகண்ட் லைஃப் போன்ற மெய்நிகர் உலகத்தில் சொந்தமாக ரெஸ்ட்லிங் லீக் தொடங்க ஆசை. ஆரம்ப காலத்தில் இதை எப்படி நடத்தினார்கள்? எங்கள் ஊர் நெட் தாங்குமா? பணத்தை முதலில் எதில் போடுவது?

பதில்: தாங்கும். ஆனால் யார் ஜெயிக்கப் போகிறார் என்பதை ஆட்டத்துக்கு முன்பே நீங்கள் முடிவு செய்துவிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

மெய்நிகர் உலகங்கள் வருவதற்கு முன்பே 'இ-ஃபெட்' என்றொரு ஆட்டம் இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு மல்லரைக் கற்பனை செய்துகொண்டு, எதிராளியைச் சீண்டும் சவடால் பேச்சை எழுதி அனுப்புவார்கள். நடத்துபவர் அவற்றைப் படித்து, வெற்றி யாருக்கு என்று தீர்மானித்து, முழு ஆட்டத்தையும் வர்ணனையாக எழுதித் திருப்பி அனுப்புவார். எல்லாமே எழுத்துதான். லிண்டன் லேப் 2003இல் செகண்ட் லைஃபைப் பொதுவுக்குத் திறந்தபோது இந்த ஆசைக்கு உடம்பு கிடைத்தது. ஆனால் அங்கே ரிங்கும் இல்லை, பெல்ட்டும் இல்லை. நிறுவனம் கொடுத்தது நிலம், 'பிரிம்' எனப்படும் அடிப்படை வடிவங்கள், ஒரு ஸ்கிரிப்ட் மொழி, அவ்வளவே. கயிறு முதல் சாம்பியன் பெல்ட் வரை பயனர்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

சண்டைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நிஜப் போட்டி: பட்டனைத் தட்டினால் அடி விழும், ஸ்கிரிப்ட் சேதத்தைக் கணக்குப் போடும். இதில் உங்களுக்கு நியாயமே கிடைக்காது. செகண்ட் லைஃப் சர்வர்கள் இருப்பது அமெரிக்காவில். நீங்கள் தட்டிய பட்டன் அங்கே போய், பதில் திரும்பிவர ஏறக்குறைய கால் நொடி ஆகும். கலிஃபோர்னியாவில் உட்கார்ந்திருப்பவர் அதற்குள் உங்களை அடித்துவிட்டுப் போயிருப்பார். நெட் இழுக்கும் நாளில் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, தொலைக்காட்சி ரெஸ்ட்லிங் போலவே முடிவை முன்கூட்டியே எழுதிவைத்து நடிப்பது. பதினெட்டாம் போரில் துரியோதனன் சாவான் என்று தெரிந்தேதான் ஊர் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறது. உங்கள் லீக்கையும் அப்படித்தான் பார்ப்பார்கள். அரை நொடி தாமதம் இங்கே யாரையும் தோற்கடிப்பதில்லை. நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

நடிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் தூக்கி எறியும்போது எதிராளி இரண்டடி தள்ளி, காற்றில் விழுவார்! இதற்குத் தீர்வு உட்கார வைப்பது. இரண்டு அவதார்களும் (திரையில் உங்களுக்காக நடமாடும் உருவங்கள்) ஒரே பொருளின் மேல் 'உட்கார்ந்தால்' அந்தப் பொருளின் பாகமாகவே ஆகிவிடுகிறார்கள். பிறகு ஸ்கிரிப்ட் இருவரையும் சேர்த்தே நகர்த்தும், இடைவெளி பிசகாது. வாங்கும் ரிங் இப்படி வேலை செய்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ஆட்டத்துக்கு முன் எல்லா அசைவுகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொருவர் கணினியும் அனிமேஷனை முதல் தடவை இறக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். நடை, நிற்பு ஆகியவற்றை மாற்றும் ஏ.ஓ.வை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கழுத்துப்பிடியில் கிடக்கும் ஆள் நடுவே ஒய்யாரமாகக் கையை இடுப்பில் வைத்து நிற்பார்.

பணம். தொடங்கும்போது எல்லோருக்கும் பெரிய ஸ்டேடியம் கட்டத் தோன்றும். வேண்டாம். 'ரீஜன்' எனப்படும் ஒரு முழு நிலப்பகுதிக்கு மாத வாடகை 2006 கடைசியில் 195 டாலரிலிருந்து 295 டாலராக ஏறியது. சின்ன லீக் ஒன்று அதைத் தாங்காது. அந்தக் காலத்தில் 512 சதுர மீட்டர் மனையில் 117 பிரிம் வரைதான் வைக்க முடிந்தது. ரிங்குக்கு என்ன வேண்டும்? தளம் ஒன்று, கம்பம் நான்கு, பக்கத்துக்கு மூன்று கயிறாகப் பன்னிரண்டு. பதினேழில் முடிந்தது. மீதி நாற்காலிகளுக்கு. கையில் காசு இருந்தால் நல்ல அனிமேஷனில் போடுங்கள். நகல் எடுத்துக்கொள்ள விடும் 'காப்பி' அனுமதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

வர்ணனையாளர் இல்லாமல் தொடங்காதீர்கள். குரல் வசதி 2007இல்தான் வந்தது, அதுவரை எல்லாமே தட்டச்சு வர்ணனை. நெட் மெதுவான ஊருக்கு இன்றும் அதுவே தோது. சாதாரணமாகத் தட்டினால் 20 மீட்டர் வரைதான் தெரியும், 'ஷவுட்' போட்டால் 100 மீட்டர். கடைசி வரிசையை அதற்கேற்ப வையுங்கள். ஒரு ரீஜனில் இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு. கூட்டம் சேர்ந்தால், நான்கு ரீஜன்கள் சந்திக்கும் மூலையில் மேடை போட்டு ஆட்களைப் பிரித்து உட்காரவைப்பது பழைய உத்தி.

நாள் குறிப்பதில் உங்கள் மலையைக் கணக்கில் எடுங்கள். கூடலூர் நண்பர் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழையில் மாட்டுவார். தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கும் உங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கனம். நால்வருக்கும் கரண்டும் நெட்டும் ஓரளவு நிற்பது ஜனவரியிலிருந்து மே வரை. சீசனை அதற்குள் முடியுங்கள். அமெரிக்கப் பார்வையாளர்கள் வேண்டுமென்றால் கலிஃபோர்னியா நேரப்படி சனிக்கிழமை மாலை ஆறு மணி குளிர்காலத்தில் உங்களுக்கு ஞாயிறு காலை ஏழரை, மார்ச் நடுவிலிருந்து ஆறரை. டீயோடு உட்கார்ந்துவிடலாம்.

பாத்திரங்களை நீங்களே உருவாக்குங்கள். டிவி மல்லர்களின் பெயரும் உருவமும் வணிகச் சொத்து, புகார் வந்தால் பொருள் நீக்கப்படும். உள்ளூர் நெடி வேண்டுமென்று தோடர் சால்வையை வில்லனுக்குப் போர்த்திவிடவும் வேண்டாம். காட்டுமாடு முகமூடி தாராளம்.

நடுவில் ஒருவர் துண்டிக்கப்பட்டால் என்ன செய்வது என்பதையும் முதல் ஆட்டத்துக்கு முன்பே பேசிவையுங்கள். என் யோசனை இது. ரெஃப்ரி இரண்டு நிமிடம் பார்ப்பார். அதற்குள் வராவிட்டால் 'ரிங்கை விட்டு ஓடிவிட்டார்' என்று கவுன்ட்-அவுட் கொடுப்பார், வர்ணனையாளர் அதைக் கோழைத்தனமாகவே வர்ணிப்பார். அடுத்த வாரம் அந்த ஆள் பழிவாங்க வருவதிலிருந்து கதையைத் தொடருங்கள்.