வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊர். கணவரைப் பிரிந்து இரண்டு வருடமாக அம்மா வீட்டில் இருக்கிறேன், விவாகரத்து வழக்கு நடக்கிறது. இப்போது ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் 18,000. ஆறாவது முடித்த மகளைக் கூட்டிக்கொண்டு வேலூரில் வீடு எடுத்துத் தங்க ஆசை. அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. தனியாக வருகிற பெண்ணுக்கு வீடு தர மாட்டார்கள், "வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார்" என்று சொல்லிவிடு, பிள்ளையையும் அப்படியே சொல்லப் பழக்கு என்கிறாள் தோழி. சொல்லலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: சொல்லாதீர்கள், தங்கச்சி. நானே அந்தப் பொய்யைச் சொல்லித்தான் இந்த ஊரில் வீடு பிடித்தேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

1999-ல் ஐந்து வயது மகனோடு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலூர் வந்தேன். மூன்று வீடுகளில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், மூன்றிலும் "யோசிச்சு சொல்றோம்மா" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். நான்காவது வீட்டில் வாசலில் நின்றபடியே "அவர் பம்பாயில் வேலையில் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன், சாவி கைக்கு வந்துவிட்டது. கொசப்பேட்டையில் மாடியில் ஒரு ரூம், ஒரு சமையலறை. கீழே வீட்டுக்கார அம்மா. நல்ல மனுஷி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு கிண்ணத்தில் முள்ளுக் கத்திரிக்காய் குழம்பு மேலே வரும். அதோடு கேள்வியும் வரும். "இன்னாமா, உன் வூட்டுக்காரு தீவாளிக்காவது வராரா?" தீபாவளிக்கு ஒரு காரணம், பொங்கலுக்கு ஒரு காரணம் என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அந்த அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து என் மகனிடம், உங்கப்பா போன் பண்ணாரா, என்ன சொன்னார் என்று சும்மா கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. முதலில் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். எது சொன்னால் சரி என்று என் கண்ணில் தேடினான். ஐந்து வயதுப் பிள்ளை! அன்றைக்கு ராத்திரியே கீழே இறங்கிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லவில்லை. "எங்கிட்ட எதுக்கு பொய் சொன்னே? தொரத்திடுவேன்னு நெனச்சிக்கினியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். பத்துப் பதினைந்து நாள் பேச்சு இல்லை, கிண்ணமும் வரவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணம் வந்தது. அதற்குப் பிறகு என் மகனிடம் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை. முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் வீடு கொடுத்திருப்பாரா என்றால், கொடுக்காமலும் போயிருக்கலாம். அதை நான் மறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நீங்களும் சில வீடுகளை இழப்பீர்கள். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இழப்பது வேறு, மகளைப் பள்ளியில் சேர்த்து, சிலிண்டர் மாற்றி, நாலு பேர் பழக்கமான பிறகு "பொய் சொல்லி வந்தவள்" என்ற பேரோடு காலி செய்வது வேறு. உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அவளைப் பொய்க்குக் கூட்டாளி ஆக்கினால் புதுப் பள்ளியில் தோழிகளிடம்கூட வாயைத் திறக்க யோசிப்பாள்.

அதற்காக முழுக் கதையையும் வாசலிலேயே கொட்ட வேண்டும் என்று இல்லை. "நானும் மகளும்தான் இருப்போம், நாங்க பிரிஞ்சு இருக்கோம், எனக்கு ராணிப்பேட்டையில் வேலை, சம்பளத்தில்தான் வாடகை கொடுப்பேன்." இவ்வளவுதான். ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டால் "கேஸ் நடக்குதும்மா, அதைப் பத்திப் பேசறதில்லை" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுத்துவதற்குத்தான் பழகிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எதிரில் இருப்பவர் சும்மா இருந்தால் நாமே பேசி நிரப்பத் தோன்றும்.

வீடு தேட நான்கு நாள் முன்னாடியே ஒரு தடவை வாருங்கள், முடிந்தால் மகளோடு. காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் இருக்கிற லாட்ஜ்களில் ஆதார் காட்டினால் ரூம் கிடைக்கும். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குகிறவர்கள்தான் அந்தத் தெருக்கள் முழுக்க, கடைப் பலகையில்கூட வங்காள எழுத்து இருக்கும். பிள்ளையோடு தனியாக வருகிற பெண்ணை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குடியிருப்புத் தெருக்கள் அப்படி இல்லை, அங்கே கேட்பார்கள், அதற்குத்தான் மேலே சொன்ன பதில்.

எந்தப் பக்கம் பார்ப்பது? சத்துவாச்சாரியில் தொடங்குங்கள். ராணிப்பேட்டை, ஆற்காடு போகிற வழியில் இருப்பதால் காலையில் டவுனுக்குள் போய் நெரிசலில் பஸ் பிடிக்க வேண்டியதில்லை. நகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டியில்தான் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, வெளியூர் வண்டிக்குக் காசு உண்டு, அதை மாதச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்கு நீங்கள் கொஞ்சம் தூரம் போனாலும் பரவாயில்லை, பள்ளி மட்டும் மகள் நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும். சாயங்காலம் உங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வருகிறவள் அவள்தான்.

இன்னொன்று, வீட்டைக் காலையில் பார்க்காதீர்கள், காலையில் எல்லா வீடும் குளுகுளு என்றுதான் இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள், மேல் மாடி என்றால் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றிலும் பாறை மலை, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. குற்றாலச் சாரலில் வளர்ந்த உங்களுக்கு முதல் கோடை கஷ்டமாகத்தான் இருக்கும், அந்த மே மாதத்தை வைத்து ஊரை வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஆடி ஆவணியில் சாயங்கால மழை வரும். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்துப் போர்ஷனில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். அட்வான்ஸ் விஷயத்தில், 2017 வாடகைச் சட்டப்படி தனியாக ஒப்புக்கொண்டால் தவிர மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. கூடக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், இதைச் சொல்லிப் பேசுங்கள். என்ன ஆனாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள்.

கிளம்புவதற்கு முன் உங்கள் வக்கீலைப் பாருங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். மகள் யாரிடம் இருப்பது என்று கோர்ட்டு ஏதாவது உத்தரவு போட்டிருந்தால், சொல்லாமல் ஊர் மாறுவது நாளைக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும். வழக்கை வேலூருக்கு மாற்றித் தரச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போடவும் வழி இருக்கிறது, வாய்தாவுக்கு வாய்தா தென்காசிக்கு ஓடினால் புது வேலையில் லீவு மிஞ்சாது. கம்பெனியில் சேரும்போது பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் உண்டா என்று கேளுங்கள். சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. வர வேண்டும், அதில் மகள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும், அதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை சேர்க்க மறுக்கச் சட்டத்தில் இடமில்லை.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வந்த புதிதில் எனக்கு அதுதான் ரொம்ப வலித்தது. "வாரியளா, போறியளா" என்று மரியாதையாகப் பேசக் கேட்ட காதில் "இன்னாமா, வூடு பாக்க வந்தியா, கொழந்த எங்க கீது?" என்று விழும்போது, ஒண்டியாக வந்தவள் என்று இளக்காரமாகப் பேசுகிறார்கள் என்றே தோன்றும். இல்லை. இந்தப் பக்கத்தில் வா, போ என்பது வீட்டு ஆளிடம் பேசுகிற பேச்சு. மகள் வகுப்பில் "வாரேன்" என்றால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள், அவளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சிரிப்பு ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. அவளை இந்த ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டாம். அப்பாவை மறைக்க வேண்டும், பேச்சையும் மறைக்க வேண்டும் என்றால் அந்தப் பிள்ளைக்குத் தன்னுடையது என்று என்ன மிச்சம் இருக்கும்?

அவளிடம் இன்றைக்கு ராத்திரியே பேசுங்கள். வேலூர் போகிறோம், யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லலாம், சொல்லப் பிடிக்காவிட்டால் "அம்மாவைக் கேளுங்க" என்று சொல்லிவிடலாம் என்று சொல்லுங்கள். அவள் முதலில் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.