கட்சி மாறிக்கொண்டே இருக்கும் கவுன்சிலர்: பதவியைப் பறிக்க வழி உண்டா?

கேள்வி: எங்கள் நகராட்சி வார்டு கவுன்சிலர் 2022-ல் சுயேச்சையாக ஜெயித்தார். மறுமாதமே ஆளுங்கட்சியில் சேர்ந்தார். பிறகு எதிர்க்கட்சிக்குப் போனார். இப்போது மூன்றாவதாக ஒரு கட்சித் துண்டு தோளில் கிடக்கிறது. கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் இவர் பதவியைப் பறிக்க முடியுமா? யாரிடம் மனு கொடுப்பது? சட்டமன்றத்துக்கும் நிற்கப்போகிறார் என்கிறார்கள்.

பதில்: பறிக்க முடியாது. கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அலையத் தொடங்கும் முன் இது தெரிந்திருப்பது நல்லது. கட்சித் தாவல் தடை என்பது அரசியல் சாசனத்தின் 10-வது அட்டவணை. 1985-ல் வந்தது. எம்.பி., எம்.எல்.ஏ. போன்ற அவை உறுப்பினர்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும். உள்ளாட்சிக்கு மாநிலம் தனியாகச் சட்டம் போட வேண்டும். கேரளம் 1999-ல் போட்டது. அங்கே தாவிய உறுப்பினரை மாநிலத் தேர்தல் ஆணையமே விசாரித்துப் பதவிநீக்கம் செய்கிறது. தமிழ்நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை.

இது சின்னக் குறை அல்ல. நம் ஊரில் மேயரையும் நகராட்சித் தலைவரையும் கவுன்சிலர்கள்தான் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 மார்ச் 4 அன்று நடந்த மறைமுகத் தேர்தலில், கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய இடங்களில் திமுகவினரே நின்று ஜெயித்தார்கள். அவர்களை ராஜினாமா செய்யும்படி முதல்வர் ஸ்டாலினே பகிரங்கமாகச் சொல்ல வேண்டி வந்தது. தலைமை அவர்களைக் கட்சியைவிட்டு நீக்கலாம், பதவியைத் தொட முடியாது. உங்கள் கவுன்சிலருக்கும் அந்தத் தெம்புதான்.

அவர் எம்.எல்.ஏ. ஆகிவிட்டால் நிலைமை வேறு. எத்தனை முறை மாறினார் என்பதைச் சட்டம் எண்ணுவதில்லை. எப்படி ஜெயித்தார், ஜெயித்த பிறகு எங்கே போனார், இவ்வளவுதான் கேள்வி. சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போய்விடும். இந்தச் சட்டம் வருவதற்கு முன், 1967-ல் ஹரியானாவின் ஹசன்பூரில் சுயேச்சையாக வென்ற கயா லால் இரண்டே வாரத்தில் மூன்று முறை அணி மாறியவர். ‘ஆயா ராம், கயா ராம்’ என்று நாடே சொல்லிச் சிரித்தது அவரை வைத்துத்தான்.

கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர் தானாகக் கட்சியை விட்டால் பதவி போகும். அதற்கு விலகல் கடிதம் வேண்டியதில்லை, நடத்தையே போதும் என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் ரவி நாயக் வழக்கில் சொன்னது. ‘கட்சிதான் என்னை நீக்கிவிட்டதே’ என்ற வாதமும் எடுபடாது. 1991-ல் அதிமுகவில் வென்ற ஜி. விசுவநாதன் (வேலூர் விஐடி நிறுவனர்தான்) கட்சியிலிருந்து நீக்கப்பட்ட பின் மதிமுகவில் சேர்ந்தார். நீக்கப்பட்டாலும் சட்டத்தின் கண்ணில் அவர் பழைய கட்சி உறுப்பினர்தான், எனவே வேறு கட்சியில் சேர்ந்தது தாவலே என்று 1996-ல் தீர்ப்பு வந்தது.

ஓட்டைகளும் உண்டு. எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்டுவிட்டால் பெரும்பாலும் தாவல் நடவடிக்கை வராது. 2024 பிப்ரவரியில் காங்கிரஸிலிருந்து பாஜகவுக்குப் போன விளவங்கோடு விஜயதரணியின் ராஜினாமா ஏற்கப்பட்டு, ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது. தகுதிநீக்கம் செய்யப்பட்டவரும் அடுத்த தேர்தலில் நிற்கலாம். கர்நாடகத்தில் 2019-ல் 17 பேர் தகுதிநீக்கம் ஆனார்கள். அதைச் சரி என்ற உச்ச நீதிமன்றம், இடைத்தேர்தலில் நிற்க அவர்களுக்கு விதித்த தடையை நீக்கியது.

என்னை அதிகம் உறுத்துவது, தாவல் மனுக்களில் முடிவெடுக்கும் சபாநாயகரின் தாமதம்தான். 2012 முதல் தேமுதிக எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக ஜெயலலிதாவைச் சந்தித்து ஆதரவு காட்டினார்கள். ஆனாலும் எம்.எல்.ஏ.க்களாகவே நீடித்தார்கள். 2016 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கிய நேரத்தில், எட்டுப் பேர் ராஜினாமா செய்தார்கள். விஜயகாந்தின் எதிர்க்கட்சித் தலைவர் பதவி அதோடு போனது. தாவல் மனுக்களைச் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2020-ல்தான்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. அவர் வேட்புமனு போட்டால், அதோடு இணைக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறிவிடும். சொத்து, கடன், வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். 2022-ல் அவர் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தை நகராட்சியில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கட்சி மாறி மாறிப் போன இந்த இடைப்பட்ட காலத்தில் சொத்து எவ்வளவு கூடியது, எந்த வழக்கு காணாமல் போனது என்று பாருங்கள்.

ஜெயித்த பிறகும் தாவினால், சபாநாயகரிடம் மனுக் கொடுக்க நீங்கள் எம்.எல்.ஏ.வாக இருக்க வேண்டியதில்லை. அக்கறையுள்ள எவரும் கொடுக்கலாம் என்று ஒடிசா வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அதற்கு ஆதாரத்தை அன்றன்றே சேர்த்து வையுங்கள்: சேர்க்கை விழாவின் முழு வீடியோ, மறுநாள் செய்தித்தாள், அந்தக் கட்சி வெளியிட்ட அறிக்கை. துண்டு போட்ட புகைப்படம் மட்டும் இருந்தால், மரியாதைக்காகப் போட்டார்கள் என்று சொல்லித் தப்பிவிடுவார்.