கந்தோரில் பதில் இல்லையென்றால் தகவலுக்கான உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது?

கேள்வி: கொழும்பில் ஒரு அரச கந்தோரில் எட்டு மாதத்துக்கு முன் விண்ணப்பம் கொடுத்தேன். போகும் நேரமெல்லாம் "பார்க்கிறோம்" என்கிறார்கள். தகவலுக்கான உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே கேட்கலாமா? எப்படி எழுதுவது?

பதில்: தாராளமாகத் தமிழில் கேட்கலாம். ஆனால் இந்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உங்கள் வேலையை முடித்துத் தராது. ஃபைலில் இருப்பதை உங்கள் கையில் தரும், அவ்வளவுதான். அது எந்த மேசையில் கிடக்கிறது என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தால், பல நேரம் ஃபைல் தானாகவே நகரும்.

"என் விண்ணப்பம் ஏன் இன்னும் முடியவில்லை?" என்று மட்டும் எழுதாதீர்கள். 'ஏன்' என்பதற்கு ஃபைலில் தாள் இருக்காது. "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள். தாளைக் கேளுங்கள், இப்படி:

"…ஆம் திகதி நான் கையளித்த விண்ணப்பத்துக்குரிய கோப்பில் இன்று வரை இடப்பட்ட குறிப்புகள் அனைத்தினதும் சான்றுப்படுத்தப்பட்ட பிரதிகள். கோப்பு தற்போது எந்தப் பதவியிலுள்ள உத்தியோகத்தரிடம் உள்ளது, அவருக்குக் கிடைத்த திகதி. இவ்வகை விண்ணப்பங்களுக்குக் காலவரையறை குறிப்பிடும் சுற்றறிக்கை இருப்பின் அதன் பிரதி."

ஆர்டிஐ (தகவலுக்கான உரிமை) 01 என்ற விண்ணப்பப் படிவம் உண்டு. அது கிடைக்காவிட்டால் வெள்ளைத்தாள் போதும்: பெயர், முகவரி, இலங்கைப் பிரஜை என்பது, வேண்டிய தகவல், எந்த மொழியில் வேண்டும் என்பது. மேலே "தகவல் அலுவலர்" என்று எழுதுங்கள். அப்படி ஒருவரை நியமிக்கவில்லை என்று கவுண்டரில் சொன்னால், நிறுவனத் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். "எதுக்கு இது?" என்று கேட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. 2017 விதிகளின்படி ஏ4 போட்டோக்கொப்பி ஒரு பக்கம் 2 ரூபாய், முதல் நான்கு பக்கம் இலவசம்.

இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். தயங்கினால் வாக்குவாதம் வேண்டாம், பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி விஷயத்தில் ஒரு சிக்கல். கொழும்பில் ஃபைல் பெரும்பாலும் சிங்களத்தில்தான் ஓடும். பதில் கடிதம் தமிழில் வந்தாலும் உள்ளே வரும் பிரதி சிங்களமாக இருக்கும். நீங்கள் பெற உரிமையுள்ள ஆவணத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைக் கேட்க அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இடம் உண்டு. இருந்தாலும் முதலில் சிங்களப் பிரதியை வாங்கிவிடுங்கள், மொழிபெயர்ப்பைத் தனிக் கடிதத்தில் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்பதே இழுத்தடிக்க ஒரு சாட்டாகிவிடும்.

இனி நாள் கணக்கு. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு, போயா சேராது, அதனால் கிட்டத்தட்ட மூன்று வாரம். ஏப்ரலில் கொடுத்தால் இன்னும் கூடும். ஆவணம் மிக அதிகம் என்றால் தகவல் தர 21 நாள் வரை நீட்டலாம், ஆனால் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டவற்றுக்கு 48 மணித்தியாலம். படிவத்தில் அப்படிச் சம்பந்தப்பட்டதா என்று ஒரு கேள்வி இருக்கும், சாதாரண விண்ணப்பத்தில் அதற்கு 'ஆம்' போட்டால் பலன் இல்லை.

தவணை தாண்டியும் சத்தமில்லையா? மேன்முறையீட்டுக்கு அதுவே காரணம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மரியாதைக்கு நினைவூட்டல் கடிதம் போட்டுக் காத்திருப்பார்கள், மேன்முறையீட்டுக்குரிய 14 நாள் போய்விடும். ஆர்டிஐ 10 படிவத்தில் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, அதாவது மேன்முறையீட்டைப் பார்க்கும் அலுவலருக்கு அனுப்புங்கள். முடிவு சொல்ல அவருக்கு மூன்று வாரம். அவர் பெரும்பாலும் மேலதிகாரி என்பதால் ஃபைலை மேசைக்கு வரவழைப்பார், கணிசமானவை அத்தோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. 30 நாளில் தீர்மானம் என்று சட்டத்தில் இருந்தாலும் அங்கே விசாரணை இழுபடலாம்.

பதில் வந்த கடித உறையை எறியாதீர்கள். கடிதத்தின் உள்ளே போட்டிருக்கும் திகதி ஒன்று, தபால் முத்திரையில் இருப்பது வேறொன்று என்று வருவதுண்டு. மேன்முறையீட்டுக்குரிய 14 நாள் எப்போது தொடங்கியது என்ற கேள்வி எழுந்தால் அந்த முத்திரையைத்தான் காட்ட வேண்டிவரும்.