கையில் முழுப் பணம் இருக்கிறது, லோன் இல்லாமல் வீடு வாங்கினால் லாபமா?

கேள்வி: சோமனூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். தறிகளையும் ஒரு சைட்டையும் விற்று, வரி கட்டியது போக 70 லட்சம் பேங்க் டெபாசிட்டில் இருக்கிறது. வயது 49. இப்போது ஒரு மில்லில் சூப்பர்வைசர், சம்பளம் 45,000. சூலூரில் ஒரு வீட்டுக்கு 64 லட்சம் சொல்கிறார்கள். விற்பவரின் அப்பா கட்டிய வீடு, அப்பா இப்போது இல்லை. "லோன் கீன்னு இழுக்காம மொத்தமாக் குடுத்தீங்கன்னா 60-க்கு முடிச்சுக்கலாங்க, அதுல 20 மட்டும் நோட்டா வேணும்" என்கிறார். இரண்டு வருடத்தில் மகள் கல்யாணம் வேறு இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: லோனுக்குக் காத்திருக்காமல் பணம் தருவது ஒன்று, நோட்டாகத் தருவது இன்னொன்று. விற்பவர் இரண்டையும் ஒரே பேச்சில் கட்டிவிட்டார். நீங்கள் பிரித்துப் பாருங்கள்.

முதலாவதில் உங்களுக்கு உண்மையிலேயே பலம் உண்டு. கிரயம் எழுதிப் பணம் வாங்கினால்தான் ஒரு கடனை அடைக்க முடியும், தம்பிக்குப் பங்கு கொடுக்க முடியும் என்று இருப்பவருக்கு, லோன் கிடைக்குமா கிடைக்காதா என்று இரண்டு மாதம் காத்திருப்பது பெரிய பாரம். அந்தப் பாரத்தை இறக்கி வைப்பதற்குத்தான் 4 லட்சம் குறைக்கிறார். அவசரம் இல்லாதவரிடம் இந்தப் பேச்சு எடுபடாது. அதனால் ஏன் விற்கிறார் என்று ஊருக்குள் விசாரியுங்கள். அவசரம் நிஜம் என்றால் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டாவதற்குச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். வீடு, நிலம் விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ நோட்டாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். அது விற்பவருக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். பத்திரத்தில் 40 லட்சம் என்று எழுதினால், மீதி 20 லட்சத்துக்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. நாளைக்கு வழக்கு வந்தால் நீங்கள் கொடுத்தது 40 தான். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தில் 1.8 லட்சம் மிச்சமாகும் என்பார்கள். அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 40 லட்சத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அதுகூட முழுதாக மிஞ்சாது. பிறகு இதே வீட்டை விற்கும்போது அந்த 20 லட்சமும் உங்கள் லாபக் கணக்கில் ஏறும். இப்போதைய 12.5 சதவீதத்தில் அதற்கு வரி மட்டும் 2.5 லட்சம். உங்களுடையது உழைத்துச் சேர்த்து, வரி கட்டி, பேங்கில் கிடக்கும் சுத்தமான பணம். அதை ஏன் கறுப்பாக்க வேண்டும்?

முழு 60 லட்சத்துக்கும் எழுதுங்கள், பேங்க் மூலமே கொடுங்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் கிரயத்தில் 1 சதவீதம், அதாவது 60,000 ரூபாயை, நீங்கள் பிடித்து விற்பவரின் பான் கணக்கில் வருமான வரிக்குக் கட்ட வேண்டும். மறந்தால் பொறுப்பு உங்கள் தலையில்.

அடுத்தது, என்னை அதிகம் பயமுறுத்துவது. லோன் போட்டால் பேங்க் வக்கீல் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி எல்லாம் பார்ப்பார். ஒரு தாள் குறைந்தாலும் லோன் நிற்கும். முழுப் பணம் கொடுப்பவருக்கு அந்தக் காவல் கிடையாது, அவசரமும் சேர்ந்துகொள்ளும். உங்கள் விஷயத்தில் அப்பா கட்டிய வீடு என்கிறீர்கள். அவர் உயில் எழுதாமல் போயிருந்தால் 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகன்களோடு மகள்களும், அம்மா இருந்தால் அவரும் வாரிசுகள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தியது, 2005-ல் மத்தியச் சட்டமும் வந்தது. ஆனாலும் "சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சு, அவளுக்கென்ன பங்கு" என்ற பேச்சு நம் பக்கம் இன்னும் ஓயவில்லை. வாரிசுச் சான்றை வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள ஒவ்வொருவரும், அக்கா தங்கை உட்பட, பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வீடு எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். 60 லட்சத்தோடு பத்திரச் செலவு 5.4 லட்சம் சேர்ந்தால் 65.4. கையில் மிஞ்சுவது 4.6 லட்சம். அதை வைத்து மகள் கல்யாணத்தை எப்படி நடத்துவீர்கள்? அப்போது இந்த வீட்டையே அடமானம் வைக்கப் போனால், வீட்டுக் கடனைவிடக் கூடுதல் வட்டி கேட்பார்கள்.

அதனால் 12 லட்சம் மட்டும் வீட்டுக் கடன் வாங்குங்கள் என்பேன். 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 10 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 14,600, உங்கள் சம்பளத்துக்குத் தாங்கும். கையில் 16.6 லட்சம் நிற்கும். கடன் வட்டிக்கும் டெபாசிட் வட்டிக்கும் ஒன்றரை சதவீத வித்தியாசம் என்றால், முதல் வருடத்தில் உங்களுக்கு ஆகும் கூடுதல் செலவு சுமார் 18,000 ரூபாய். கல்யாண நேரத்தில் யார் வாசலிலும் நிற்காமல் இருக்க, அது எனக்குப் பெரிய தொகையாகத் தெரியவில்லை. கல்யாணம் முடிந்து பணம் மிஞ்சினால் கடனை அடைத்துவிடலாம், மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. முக்கியமாக, பேங்க் வக்கீலின் காவல் திரும்பக் கிடைக்கும்.

குறைத்த விலை போய்விடுமே என்று தோன்றும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பத்திர நகல்களை வாங்கி பேங்கில் கொடுத்து, கடன் அனுமதிக் கடிதத்தோடு போய் அவரிடம் சொல்லுங்கள்: "48 லட்சம் என் கணக்கிலேயே தயாரா இருக்குங்க, 12 லட்சத்துக்கு பேங்க் செக் கிரயத்தன்னிக்கே கையில வந்துரும். எல்லாமே செக்குத்தான், நோட்டு இல்லைங்க. உங்க அக்கா தங்கச்சியெல்லாம் கையெழுத்துக்கு வர நாள் சொல்லுங்க."