அமெரிக்காவில் நர்ஸ் எய்ட் ஆவது எப்படி?

கேள்வி: கிரீன் கார்டில் டெக்சஸ் வந்து 2 வருடம் ஆகிறது. வயது 46, பி.காம். படித்திருக்கிறேன். படுத்த படுக்கையாக இருந்த மாமியாரை 5 வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள். அந்த அனுபவத்தை வைத்து சி.என்.ஏ. (சான்றிதழ் பெற்ற நர்ஸ் எய்ட், அதாவது நர்சுக்கு உதவியாக நோயாளியைப் பராமரிப்பவர்) வேலைக்குப் போகலாம் என்று ஆசை. ஒரு நிறுவனம் முழுக்க ஆன்லைனில், ஒரே வாரத்தில் சான்றிதழ் தருவதாகச் சொல்லி 400 டாலர் கேட்கிறது. சேரலாமா? என் இங்கிலீஷ் சுமார்தான், தேர்வில் தேற முடியுமா?

பதில்: அதில் சேராதீர்கள். அந்தச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டலாமே தவிர, வேலைக்கு உதவாது. நர்சிங் ஹோமில் வேலை கொடுப்பவர் முதலில் பார்ப்பது மாநில அரசின் நர்ஸ் எய்ட் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதைத்தான். (நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. இங்கே அது முதியவர்களும் நோயாளிகளும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கும் பராமரிப்பு இல்லம்.) அந்தப் பதிவேட்டில் பெயர் ஏற, மாநிலம் அங்கீகரித்த பயிற்சியை முடித்துவிட்டு, இரண்டு பகுதிகள் கொண்ட தேர்வில் தேற வேண்டும்.

1987-ல் வந்த மத்திய அரசுச் சட்டம் பயிற்சிக்குக் குறைந்தது 75 மணி நேரம் என்று வைத்தது. அதில் 16 மணி நேரமாவது நர்ஸ் மேற்பார்வையில் செய்முறையாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு என்பது மாநிலத்தின் விருப்பம். கலிபோர்னியாவில் 160 மணி நேரம். உங்கள் டெக்சஸில் 100. இந்த 100-ல் 60 பாடம், 40 நேரடிப் பயிற்சி. பாடத்தைக் கம்ப்யூட்டரில் படிக்கலாம், ஆனால் ஒருவரைக் கட்டிலில் திருப்பிப் படுக்க வைப்பதைக் கம்ப்யூட்டரில் பழக முடியாது. 'முழுக்க ஆன்லைன்' என்ற வார்த்தையைக் கேட்டதுமே விலகிவிடலாம். டெக்சஸ் சுகாதாரம் மற்றும் மனித சேவைகள் ஆணையம்தான் அங்கே பயிற்சிகளை அங்கீகரிக்கிறது. எங்கே பணம் கட்டுவதாக இருந்தாலும், அந்த இடத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் ஆணையத்திடம் சரிபாருங்கள்.

பணமே கட்டாமலும் படிக்க வழி உண்டு. பயிற்சி தொடங்கும் நாளில் ஒரு நர்சிங் ஹோமில் நீங்கள் வேலையில் இருந்தாலோ, வேலை தருவதாக அவர்கள் சொல்லியிருந்தாலோ, உங்களிடம் பயிற்சிக் கட்டணம், புத்தகச் செலவு, தேர்வுக் கட்டணம் எதையும் வாங்கக் கூடாது. மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் பெறும் இல்லங்களுக்கு இது மத்திய விதி. சொந்தக் காசில் படித்து முடித்து 12 மாதத்துக்குள் அப்படிப்பட்ட இல்லத்தில் சேர்ந்தால், செலவைத் திரும்பத் தர மாநிலம் ஏற்பாடு செய்ய வேண்டும். இதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். அதனால் பள்ளிகளைத் தேடுவதற்கு முன்னால் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நாலைந்து நர்சிங் ஹோம்களுக்குப் போன் போட்டு, "பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள்.

இங்கிலீஷுக்காகப் பயப்பட வேண்டாம். முதல் பகுதி சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் எழுத்துத் தேர்வு. வாசிப்பது சிரமம் என்றால், கேள்விகளைக் காதால் கேட்டு விடையைத் தேர்ந்தெடுக்கும் வாய்மொழித் தேர்வை விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்கலாம். தேறாவிட்டாலும் குறைந்தது மூன்று வாய்ப்பு உண்டு.

செய்முறைத் தேர்வு வேறு கதை. பல மாநிலங்கள் நடத்தும் தேர்வில் ஐந்து செயல்களைச் செய்துகாட்டச் சொல்வார்கள். கை கழுவுவது கட்டாயம் உண்டு, மற்றவை குலுக்கல் மாதிரி வரும். கை கழுவுவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். சோப்புப் போட்டு 20 விநாடியாவது தேய்க்க வேண்டும், விரல் நுனி முழங்கையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும், கழுவிய கை தொட்டியின் உள்பக்கத்தில் படக் கூடாது, குழாயைப் பேப்பர் டவலால் மூட வேண்டும். நாடித்துடிப்பை முழுசாக ஒரு நிமிடம் எண்ணிக் குறிக்க வேண்டும். உங்கள் எண்ணுக்கும் தேர்வாளர் எண்ணுக்கும் நான்குக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடாமல் ஆளை எழுப்பினால், மற்றதெல்லாம் அழகாகச் செய்திருந்தாலும் அந்தச் செயலில் நீங்கள் அவுட்.

அப்புறம், கொஞ்சம் கசப்பான விஷயம். மாமியாரைப் பார்த்துக்கொண்ட அனுபவம் வேலையில் சேர்ந்த பிறகு கை கொடுக்கும், தேர்வு அறையில் காலை வாரும். வீட்டில் நாம் பாசத்தோடு விறுவிறுவென்று எல்லாவற்றையும் நாமே செய்து முடித்துவிடுவோம். இங்கே அது தப்பு. கதவைத் தட்டி, உங்கள் பெயரைச் சொல்லி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று விளக்கி, திரையை இழுத்து மூட வேண்டும். எந்தச் சட்டை வேண்டும் என்று அவரையே கேட்க வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு உடை மாற்றும்போது பலமில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும், நல்ல கையை அவரே நுழைக்க விட வேண்டும். கிளம்பும் முன் கட்டிலைத் தாழ்த்தி, அழைப்பு மணியை அவர் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும். ஏதாவது விட்டுப்போனது ஞாபகம் வந்தால் பதறாமல், "திருத்திக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்துகாட்டுங்கள். அந்தச் செயல் முடிவதற்குள் சொன்னால் பெரும்பாலும் ஏற்பார்கள். வீட்டில் உள்ளவர்களைக் கட்டிலில் படுக்க வைத்து, செய்வதை வாய்விட்டுச் சொல்லியபடி பழகுங்கள்.

வேலை எப்படி என்றும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் சிறுநீர் சுத்தம் செய்வது, திருப்பிப் படுக்க வைப்பது, அளவுகளைக் குறிப்பது இவைதான். ஊசி போட முடியாது. மாத்திரை கொடுக்கத் தனிப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். 46 வயது இதற்கு அதிகமே இல்லை, ஆனால் இடுப்பு வலி ஏற்கெனவே இருந்தால் டாக்டரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

தேறிய பிறகு, சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்யாமல் தொடர்ந்து 24 மாதம் விட்டுவிட்டால், பயிற்சி, தேர்வு இரண்டையுமோ தேர்வை மட்டுமோ மறுபடி முடிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அந்த மாநிலப் பதிவேட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நம்மவர்கள் இடறும் இடம் ஒன்று பாக்கி இருக்கிறது: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், வேறொரு அட்டையில் கணவர் பெயர், பழைய சான்றிதழில் வெறும் இனிஷியல் என்று நமக்கு மூன்று பெயர் இருக்கும். தேர்வுக்குப் பதிந்த பெயரும் காட்டும் அடையாள அட்டையும் எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போகும். விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் அட்டைகளை எல்லாம் மேஜையில் பரப்பி ஒத்துப் பாருங்கள்.